ஏழாவது படத்தில் மஞ்சள்

கொடியில் மஞ்சள் துணி எதுவும் காயவில்லை. வெற்றிவேல் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்து அதை உறுதி செய்துகொண்டான். அவனுடைய கட்டம் போட்ட லுங்கி ஒன்று, வெள்ளைத் துண்டு ஒன்று, அவ்வளவுதான் கிடந்தது. வேலியில் பூசணிப்பூகூட இல்லை. ஆனால் கையிலிருந்த சின்னக் கேமராவின் திரையில், ஜெயசுதாவின் இடது தோளுக்குப் பின்னால், சாமைக் கொல்லையும் அதற்கப்பால் பலாமரங்களும் பச்சையாகக் கரைந்து கிடந்த இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

லென்ஸில் தூசி என்று நினைத்தான். பனியன் ஓரத்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். பொட்டு இருந்தது.

"நல்லா வந்திருக்கா?" என்றாள் ஜெயசுதா.

படம் எடுத்தால் யாரும் கேட்கிற கேள்விதான். அவள் அதைக் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. "ம், வந்திருக்கு" என்று சொல்லி, கேமராவை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அங்கன்வாடியில் சமையல் உதவியாளர் வேலைக்கு மனுப் போடத்தான் அந்தப் படம். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று வாசலில் நிற்க வைத்து எடுத்தான். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் அதை இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்தக் கேமரா சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. வெற்றிவேல் மலையடிவாரத்தில், சந்தவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க, யாரோ விற்றுவிட்டுப் போன கைக்கடக்கமான டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினான். கல்யாண வீட்டுக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய கேமராவில் முகம் மட்டும் பளிச்சென்றும் பின்னாலிருப்பதெல்லாம் பாலில் கரைத்த மாதிரியும் வரும். இந்தச் சின்னதுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. முகமும் தெளிவு, பின்னால் சுவரில் ஒட்டிய நோட்டீஸும் தெளிவு. ஆனாலும் வழி இருக்கிறது. ஜூமை முழுசாக இழுத்துவிட்டு நாம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். ஆளை முன்னால் கொண்டுவர வேண்டும். ஆளுக்குப் பின்னாலிருப்பது எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. முகத்தைச் சுற்றித் திரையில் ஒரு பச்சைக் கட்டம் விழும். அதை மட்டும் பார்க்க வேண்டும், வேறெதிலும் கண் போகக்கூடாது. "இன்னும் ரெண்டடி முன்னால வா" என்பான். போனில் மங்கலாக்கித் தருகிறார்களே என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். "அது கத்தரிக்கோல் வேல. காது ஓரத்தையெல்லாம் வெட்டிப்புடும். இதான் நெசமான மங்கல்" என்பான். அந்த மங்கலில் அவனுக்கு அப்படியொரு பெருமை இருந்தது.

அவனுக்கும் ஜெயசுதாவுக்கும் ஒரு பெண் இருந்தாள். ரேணுகா, மூன்று வயது. அவளுக்குப் படமே கிடையாது. போட்டோ எடுப்பவன் வீட்டில் பிள்ளைக்குப் படம் இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு கரு கலைந்து மூன்றாவதாகத் தங்கியவள் அவள். வயிற்றில் இருக்கும்போதே ஜெயசுதா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள், மூன்றாம் வயதில் மொட்டை போட்டுக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளை தலையில் கத்தி படாது, பிள்ளை முகத்தைப் படம் பிடிக்க மாட்டோம் என்று. படம் பிடித்தால் கண்ணு படும், ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்தில் பலரும் சொல்வதுதான். கல்யாணங்காட்சியில் யாராவது போனைத் தூக்கினால் முந்தானையைப் பிள்ளை முகத்தில் போட்டுவிடுவாள். ஆதார்கூட எடுக்கவில்லை. எல்லாம் மொட்டைக்கப்புறம்.

மொட்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது மலையைப் பார்க்க வந்தார்கள். போன ஆவணியில். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு ஓடை, ஓடையில் ஒரு மடு, கரையில் பலாமரம். ஜெயசுதா கத்தரிப்பூக் கலர் புடவை கட்டியிருந்தாள். "பின்னாடி மங்கலா வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க, ஸ்டேட்டஸ் வெக்கணும்" என்றாள். அவன் பிள்ளையிடம், "ரேணு, நீ படத்துல வந்துடாத. மரத்தாண்ட போய் உக்காரு" என்றான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. போய் உட்கார்ந்தது. அவன் ஜூமை முழுசாக இழுத்தான், பின்னால் நகர்ந்தான், "இன்னும் ரெண்டடி முன்னால வா" என்றான், பச்சைக் கட்டத்தை மட்டும் பார்த்தான். ஏழு படம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "நல்லா வந்திருக்கா?" என்று அவள் கேட்டாள். "சூப்பரா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் மரத்தைத் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

அன்று சாயங்காலம்தான் ஏழாவது படத்தைப் பார்த்தார்கள். ஜெயசுதா அவ்வளவு அழகாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், கரைந்து கிடந்த தண்ணீரில், ஒரு மஞ்சள் பொட்டு. ரேணு போட்டிருந்தது மஞ்சள் கவுன்.

அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இருக்கிற படம் அது ஒன்றுதான். அவன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கினால் மஞ்சள் கட்டங்கள்தான் வந்தன, முகம் வரவில்லை.

சந்தவாசலில் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் ஜெயசுதா பெட்டியைக் கட்டினாள். "ஒடம்பத்தான் இங்க பொதைச்சோம். புள்ள மலை மேலதான் கீது. தனியா வுட்டுட்டு நான் எப்டி இங்க தூங்குவேன்?" என்றாள். மறுத்துப் பேச அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜமுனாமரத்தூர் பஜாரில் ஒரு சின்ன இடம் பிடித்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டான். ஓடைக்கு மேலே, கொல்லையோரமாக இருந்த ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கேமரா ஒரு வருஷம் துணிப்பெட்டியில் கிடந்தது. இப்போது ஆடி முடியப் போகிறது.

மனுவுக்குப் படம் எடுத்த அன்று ராத்திரி ஜெயசுதா தூங்கியதும் புதுப்படத்தையும் பழைய ஏழாவது படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பழையதில் மஞ்சள் தண்ணீரில் இருந்தது. புதியதில் பலாமரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது.

மறுநாள், "நேத்து எடுத்தது ஆடிடுச்சு சுதா" என்று பொய் சொல்லி மறுபடி நிற்க வைத்தான். மஞ்சள் சாமைக் கொல்லையின் நடுவில் இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தான். கொல்லையில் யாரும் இல்லை, முழங்கால் உயரச் சாமைப் பயிர் காற்றில் ஒரே திசையில் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது, எங்கோ ஆட்டுக்கழுத்து மணி கேட்டது, மழையே பெய்யாத அந்தச் சாயங்காலத்தில் ஓடைப் பாசியின் பச்சை வாடை மட்டும் மேட்டிலேறி வாசல்வரைக்கும் வந்து நின்றது.

அவன் சோதித்துப் பார்க்காமல் இல்லை. வெறும் கொல்லையை எடுத்தான், ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாளை நிற்க வைத்து எடுத்தான், ஒன்றும் இல்லை. ஜெயசுதாவையே சுவரோரம் நிறுத்தி ஜூம் இல்லாமல் எடுத்தான், அப்போதும் இல்லை. அவள் முன்னால் வந்து நின்று, பின்னாலிருப்பது மங்கினால் மட்டுமே மஞ்சள் வந்தது. ஒவ்வொரு தடவையும் பத்தடி கிட்டே வந்தது. கிட்டே வர வரத் தெளிந்தது. நான்காம் நாள் அதற்குத் தலை இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு கை இருந்தது.

பயந்தானா என்றால், பயந்தான். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். பிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டான். பெற்றவன் அப்படித்தான் இருப்பான்.

ஆறாம் நாள் ஜெயசுதா கேமராவை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். அவள் அழவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"கிட்ட வர்றா" என்றாள்.

அதற்கப்புறம் அவன் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாலு மணியானால் முகம் கழுவி, பொட்டு வைத்து, அதே கத்தரிப்பூப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். ஒரு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் குழம்பு மணத்தது. ஒரு நாள் அவள் ஏதோ தாலாட்டைக்கூட முணுமுணுத்தாள். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அட, இது போதாதா, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தான்.

ரேஷன் கடையில்தான் முதலில் தட்டுப்பட்டது. கடைக்காரர் கலையரசன் மெஷினை நீட்டினார், ஜெயசுதா கட்டைவிரலை வைத்தாள், மெஷின் ஏற்கவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். பத்து விரலும் ஆயிற்று.

"இன்னாம்மா, ரேகையே காணோம்? பாத்திரம் தேச்சே எல்லாத்தையும் தேச்சுட்டியா?" என்று கலையரசன் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். போனுக்கு நம்பர் வரவழைத்து அரிசியைப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து வெற்றிவேல் அவள் கையை வாங்கிப் பார்த்தான். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன. நகம் எங்கே முடிகிறது, சதை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான், அப்படியேதான் இருந்தது.

அன்றைக்குப் படங்களை வரிசையாக ஓடவிட்டான். முதல் படத்தில் அவள் காதுத் தோட்டின் கல்கூடத் தெரிந்தது. மூன்றாவதில் கல் தெரியவில்லை. ஆறாவதில் தோடு தெரியவில்லை. எட்டாவதில் காது முடிக்குள் கரைந்து கிடந்தது. கை ஆடிவிட்டது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தான். தலையைத் திருப்பி, அடுப்படியில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். பானையின் நிழல் சுவரில் வெட்டினாற்போல விழுந்திருந்தது. அவளுடைய நிழலுக்கு ஓரமே இல்லை.

ஒன்று தெளிய வேண்டுமானால் இன்னொன்று மங்க வேண்டும். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவனே சொன்னதுதான்.

கேமராவை அரிசி டின்னுக்குள் புதைத்தான். இரண்டு நாள் எடுக்கவில்லை. நாலு மணிக்கு அவள் வாசலில் வந்து நின்றாள், இருட்டும்வரைக்கும் நின்றாள், உள்ளே வந்து சாப்பிடாமல் படுத்தாள். ராத்திரி முழுக்கக் கொல்லைப் பக்கம் ஈரத்துணியை யாரோ மெல்ல மெல்லப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது. காலையில் வேலிக்கு வெளியே ஈரமாக ஒரு சின்ன வட்டம். வெயிலேறியும் அது காயவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்திலிருந்தே மேகம் மலையில் இறங்கிவிட்டது. மறுநாள் வருஷம் திரும்புகிற நாள், படையல் போட வேண்டும். கடையைச் சாத்திவிட்டு அவன் வந்தபோது ஜெயசுதா நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேமரா. தரையெல்லாம் அரிசி சிதறிக் கிடந்தது.

"வேணாம் சுதா."

"ஒண்ணே ஒண்ணு எடுங்க."

"ஒங்கைய பாத்தியா நீ? காத பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் இன்னா?"

"நாளைக்குப் படையலுக்கு வெக்க எம்புள்ளைக்கு ஒரு படம் இல்லீங்க. மொகமும் எனக்கு மறந்துகினே போவுது. காலைல எழுந்தா கொஞ்சம் கம்மியா கீது. மூக்கு எப்டி இருந்துச்சு, நீங்க சொல்லுங்க பாப்போம்."

அவன் வாயைத் திறந்தான். சப்பையா, கூரா, நுனியில் மச்சம் இருந்ததா? தினம் கொஞ்சின மூக்கு. ஒன்றும் வரவில்லை.

"நான்தான வேண்டிக்கினேன், படம் எடுக்க மாட்டேன்னு" என்றாள். "நான் வேண்டலன்னா நீங்க அவள மரத்தாண்ட அனுப்பியிருக்க மாட்டீங்க. எடுங்க."

வாசலில் வேலி தெரியவில்லை. கொல்லை தெரியவில்லை. வெள்ளையாக மேகம் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது, கொடியிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, பாசி வாடை மூக்கை அடைத்தது. அவள் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். புடவையைச் சரிசெய்தாள்.

"இன்னும் ரெண்டடி முன்னால வரவா?" என்றாள்.

அவன் பின்னால் நகர்ந்தான். ஜூமை இழுத்தான். சின்ன மோட்டார் முனகிக்கொண்டு நீண்டது.

திரையில் பச்சைக் கட்டம் அவள் முகத்தில் விழுந்தது.

துடித்தது.

அங்கே நிற்கவில்லை. வழுக்கினாற்போல அவள் தோளுக்குப் பின்னால் போயிற்று. இடுப்பு உயரத்தில் நின்றது.

மஞ்சள். மிகக் கிட்டே. அவள் புடவையைத் தொடுகிற தூரம்.

இப்போது கேமராவைக் கீழே போட்டிருக்கலாம். அவனுக்கே தெரிந்தது. விரலை எடுத்தால் போதும், சுதா சுதாவாக இருப்பாள், காதில்லாமலோ ரேகையில்லாமலோ, குழம்பு வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு. திரையில் அந்தச் சின்ன முகம் பாதி தெளிந்திருந்தது. கண் வந்துவிட்டது. மூக்கு இன்னும் வரவில்லை.

அவனுக்குப் பார்க்கணும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம். அழுத்தினான்.

ரேணு வந்திருந்தாள்.

அப்படியொரு தெளிவை அந்தக் கேமரா அதற்கு முன் கொடுத்ததில்லை. இமைமுடி ஒவ்வொன்றிலும் நீர்முத்து. கத்தி படாத முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூக்கு அவள் அம்மாவுடையது. அப்படியே ஜெயசுதாவின் மூக்கு. அதை எப்படி மறந்தான்? பிள்ளை சிரிக்கவில்லை. நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, கத்தரிப்பூக் கலரில் ஒரு மங்கல்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தப் பயம். விரல் மட்டும் பட்டனை அழுத்தியது. முந்தின படம். அதற்கு முந்தினது. எல்லாவற்றிலும் முன்னால் கத்தரிப்பூ மங்கல். எல்லாவற்றிலும் பின்னால் பிள்ளை தெளிவு. அழுத்திக்கொண்டே போனான். போன வருஷத்துப் படங்கள் வந்தன. ஏழும். அப்போது ஆறில் இல்லாத பிள்ளை இப்போது ஏழிலும் இருந்தாள்.

முதல் படம். பலாமரத்தடியில் ரேணு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், சொன்ன பேச்சைக் கேட்டு.

இரண்டாவது. எழுந்து நிற்கிறாள்.

மூன்றாவது. செருப்பு இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறாள், கப்பல் மாதிரி.

நான்காவது. செருப்பு நகர்ந்து போகிறது. கையை நீட்டுகிறாள்.

ஐந்தாவது. முழங்கால்.

ஆறாவது. நெஞ்சு. கேமராவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

ஏழாவது. தலையும் ஒரு கையும். வாய் திறந்திருக்கிறது. அந்த வாய் யாரைக் கூப்பிடுகிறது என்பது தெரிந்தது. அம்மா என்றால் உதடு மூடும், அவனை அவள் கூப்பிடுகிற நைனாவுக்கு மூடாது. மூடவில்லை, இழுத்துத் திறந்திருந்தது, அவனைப் பார்த்து.

அவன் அப்போது பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசல் மண்ணில் சொத், சொத் என்று ஈரமான காலடி. சின்னக் காலடி. கொடியைக் கடந்தது. கிட்டே வந்தது. நின்றது. அவன் சுண்டுவிரலைச் சில்லென்று ஏதோ பிடித்துக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தான்.

மேகம் விலகியிருந்தது. தூரத்துப் பலாமரங்கள் இலை இலையாகத் தெரிந்தன, சாமைக் கதிர் மணி மணியாகத் தெரிந்தது, வேலியின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. அதற்கெல்லாம் முன்னால், பத்தடியில், அவன் நிற்கச் சொல்லிப் பழக்கிய அதே இடத்தில், கத்தரிப்பூக் கலர் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஓரம் இல்லை. கை எது, புடவை எது என்று இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறமாக ஒரு கரைசல். படம் எடுக்க நிற்கிறவர்கள் நிற்பதுபோல அசையாமல் நின்றது. பிறகு, வாய் இல்லாத அந்த இடத்திலிருந்து, ஜெயசுதாவின் குரல் ஆசையாகக் கேட்டது.

"நல்லா வந்திருக்கா?"